பழைய மர்மத் தொடர்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சி நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், தொண்ணூறுகளில் வாரத் தொடர்கள் எடுத்து இன்றுவரை அவற்றின் உரிமையை வைத்திருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

'மர்ம தேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு' தொடரை அண்மையில் முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதிவரை மறுபடி பார்த்து முடித்தேன். பார்த்த கையோடு எழுதுகிற மடல் இது. 'அந்தக் காலம் போல வருமா' என்று பெருமூச்சு விட நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. இந்த மாதிரித் தொடர்களின் மூல நாடாக்கள் உங்கள் அலமாரிகளில் வீணாகிப் போவதற்குள் அவற்றை ஒழுங்காக டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். மாற்றியதை வெட்டாமல், இழுக்காமல், மெருகு பூசாமல் முழுசாக வெளியிடுங்கள்.

பார்க்காதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் தொடரைப் பற்றிக் கொஞ்சம். கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா. சன் டிவியில் தொண்ணூறுகளின் பிற்பாதியில் வாரம் ஒருமுறை வந்தது. இதற்கு முன்னால் அதே கூட்டணியில் வந்த 'ரகசியம்', நவபாஷாண லிங்கத்தையும் சித்தர்களையும் வைத்துப் பின்னியது. 'விடாது கருப்பு'க்கு மூலம் 'விட்டு விடு கருப்பா' என்ற இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல். தோட்டக்கார மங்கலம் என்றொரு கிராமம். காவல் தெய்வம் கருப்பசாமி. தப்பு செய்தவனைக் கருப்பு சும்மா விடாது என்று ஊரே நம்புகிறது. நம்பிக்கைக்கு ஏற்றமாதிரி சாவுகளும் விழுகின்றன. கொல்வது சாமியா, ஆசாமியா?

முடிவை நான் சொல்லப் போவதில்லை. கால் நூற்றாண்டு தாண்டிவிட்டதே, இனி என்ன ரகசியம் என்று கேட்பீர்கள். 2000-க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு இது புதுத் தொடர்தானே.

முதல் தடவை பார்க்கும்போது 'யார்' என்ற ஒரே கேள்விதான் மண்டையைக் குடையும். விடை தெரிந்தபின் பார்த்தால் கண் வேறு இடங்களுக்குப் போகிறது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பவர் யாரைப் பார்க்கிறார், எந்தக் கேள்விக்குப் பதில் வராமல் பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது, கேமரா யாரை ஓரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறது என்றெல்லாம் கவனிக்கத் தோன்றுகிறது. சிறுவன் ஒருவன் பார்வையில் விரியும் அன்றைய ஊர் ஒரு பக்கம், எல்லோரும் வளர்ந்துவிட்ட இன்றைய ஊர் இன்னொரு பக்கம் என்று கதை இரண்டு காலங்களில் மாறி மாறி நடக்கிறது. ஒரு காலத்தில் சாதாரணமாக வைக்கப்பட்ட விஷயம் இன்னொரு காலத்தில் வேறு பொருள் கொள்கிறது. வாரம் ஒரு துண்டாகப் பார்த்த பார்வையாளரை நம்பி இப்படி ஓர் அமைப்பைக் கையாண்டிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அன்றைக்கு யாரும் குழம்பியதாக எனக்கு நினைவில்லை. இன்றைக்கு ஒரு ஓடிடி தொடர் காலத்தை மாற்றினால் திரையில் ஆண்டை எழுதிக் காட்டுகிறார்கள்.

இன்னொன்று, கருப்பசாமியைக் கையாண்ட விதம். மதுரைக்குப் பக்கத்தில் அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதியை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். சாத்திய கதவுதான் அங்கே சாமி. அதன்முன் சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொள்வது அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. பொய்ச் சத்தியம் செய்யக் கை நடுங்குகிற ஊரில், ஒரு சாவு விழுந்தால் போலீஸ் வருவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். அந்தப் பயத்தை அறியாத ஒருவர் இந்தக் கதையை எழுதியிருக்க முடியாது. மதுரையிலேயே வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜனுக்கு அது கைவந்ததாக இருந்தது. கடைசியில் பகுத்தறிவுக்காரர் திருப்திப்படுகிற மாதிரி ஒரு விடை தருவார். பக்தி உள்ளவர் நுழைய ஒரு சந்தும் விட்டுவைப்பார். இதைத் தப்பித்தல் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு தரப்பும் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த வீடுகளை அறிந்த எழுத்தாளரின் சாமர்த்தியம் என்றுதான் நான் சொல்வேன்.

குறை இல்லாமல் இல்லை. அதிர்ச்சி வந்தால் அறையில் உள்ள ஒவ்வொரு முகத்துக்கும் கேமரா போய்த் திரும்புகிறது. மனோதத்துவம் பேசுகிற இடங்களை இன்றைய மனநல மருத்துவர் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். சில வசனங்கள் இன்றைக்கு உதைக்கின்றன. ஆனால் இவற்றுக்காக யாரும் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். தேவைப்பட்டால் தொடக்கத்தில் ஒரு வரி போடுங்கள், போதும். ஒரு காலம் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்பதும் பார்க்க வேண்டியதுதான். சேத்தனும் தேவதர்ஷினியும் அத்தனை இளமையாக வருவதையும் (பிற்பாடு அவர்கள் நிஜத்திலும் தம்பதியானார்கள்) சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன்.

மர்மத் தொடருக்கு மற்றத் தொடர்களுக்கு இல்லாத ஒரு நிபந்தனை உண்டு. எழுதத் தொடங்கும்போதே முடிவு தெரிந்திருக்க வேண்டும். 1999-இல் 'சித்தி' தொடங்கி வெற்றி பெற்ற பிறகு, தினத்தொடர்தான் மாலை நேரத்தின் ராஜா ஆனது. ஓடுகிறவரை ஓட்டலாம், டிஆர்பி விழுந்தால் ஒரு கல்யாணத்தை நிறுத்தலாம் என்ற அந்தக் கணக்கில் மர்மக் கதைக்கு இடமில்லை. ஐந்தாவது பகுதியில் வைத்த தடயத்துக்கு ஐம்பதாவது பகுதியில் பதில் சொல்லியாக வேண்டுமே! நாடி ஜோதிடத்தை வைத்து நாகா இயக்கிய 'சிதம்பர ரகசியம்' மாதிரி சில பிறகும் வந்தன, வகை அருகிவிட்டது. ஆக, தொண்ணூறுகளின் வாரத் தொடர்களில் பலவும் தொடக்கம், நடு, முடிவு என்று வகுத்து எழுதி முடிக்கப்பட்ட படைப்புகள். நீங்களோ அவற்றைப் 'பழைய சரக்கு' என்ற ஒரே கணக்கில், தினத்தொடர்களோடு சேர்த்து மூட்டை கட்டி வைத்திருக்கிறீர்கள்.

இந்தச் சரக்கு எப்படி வெளியே வருகிறது என்பதை நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த நிறுவனம், எந்தச் சேனல் என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன். அந்தக் காலத்துப் படம் அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்ற 4:3 அளவு. இன்றைய அகலத் திரைக்குப் பொருத்துகிறேன் என்று மேலும் கீழும் வெட்டினால் படத்தில் கால்வாசி போய்விடும். தரையில் கிடக்கும் பொருள் ஒன்றில்தான் துப்பே இருக்கிறது என்றால் அந்தத் துப்பு வெட்டுப்பட்ட கால்வாசியோடு போயிற்று. வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்துவிடுவது இன்னொரு வழி. அப்போது எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுகிறார்கள். நள்ளிரவில் பாய்ந்து வருகிற குதிரை இழுத்த படத்தில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். குலை நடுங்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வரும்.

நம்முடைய பழைய 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 படங்கள், ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாக, ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தடவை என்று வரும். பெட்டி டிவியில் கண்ணுக்குத் தெரியாத இந்த விஷயத்தைக் கணினிக்கு மாற்றும்போது கவனிக்காமல் விட்டால், ஆள் கையை வீசினாலே விளிம்பெல்லாம் சீப்புப் பல்லாகக் கிழிந்து தெரிகிறது. சரிசெய்வது பெரிய வித்தை அல்ல. மாற்றுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. தெரியாதவர் ஒரு பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை ஊதிப் பெருக்குகிறார். இருந்த 576 கோடுகளில் 288 அங்கேயே காலி.

இப்போது இதைவிட மோசமான ஒன்று கிளம்பியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவை வைத்து '4கே' ஆக்கித் தருகிறார்களாம். வீடியோவில் எடுத்த இரவுக் காட்சியில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கத்தான் செய்யும். மென்பொருள் அதை அழுக்கு என்று எண்ணித் துடைக்கிறது. முகங்களில் மயிர்க்கால் இல்லாத ஒரு வழவழப்பு. அதையாவது சகித்துக்கொள்ளலாம். மரத்தடி இருட்டில் ஓர் உருவம் நிற்கிறதா, நம் பிரமையா என்று தவிக்கவிட்டிருப்பார் ஒளிப்பதிவாளர். மென்பொருள் தன்போக்கில் ஒன்றை முடிவுசெய்து, ஆளை நிறுத்திவிடும் அல்லது அழித்துவிடும். காதல் கதையில் இது வெறும் கண்ணுறுத்தல். மர்மக் கதையில் கதையையே மாற்றுகிற வேலை. ஃபிலிமில் எடுத்த தொடர் என்றால் நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்து உண்மையிலேயே கூடுதல் துல்லியம் பெறலாம். வீடியோ நாடாவில் உள்ளது உள்ளதுதான். இல்லாததை வரவழைக்க முடியாது, கற்பனை செய்யத்தான் முடியும்.

வெட்டுக்கும் வருகிறேன். 'சென்ற வாரம்' சுருக்கத்தையும் பெயர்ப் பட்டியலையும் தூக்கிவிட்டு, நான்கைந்து பகுதிகளை ஒன்றாக ஒட்டி ஒரே படமாக ஏற்றுகிறார்கள். 'தொடரும்' என்று நின்ற இடத்தில்தான் அந்தப் பகுதியே உயிர் வைத்திருக்கும். அடுத்த நொடியே விடை வந்துவிட்டால் எழுத்தாளர் வைத்த முடிச்சுக்கு மதிப்பேது? எழுதியவர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஊர்ப் பெரியவராக ஒரே ஒரு காட்சியில் வந்துபோன நாடகக் கலைஞர் என்று பலருடைய உழைப்புக்கு எழுத்துபூர்வமான சாட்சி அந்தப் பெயர்ப் பட்டியல் மட்டும்தான். முகப்புப் படத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். குற்றவாளியின் முகத்தைப் பெரிதாகப் போட்டு, சிவப்பு வட்டமும் அடித்து, மேலே 'கொலையாளி யார்?' என்று கேட்கிறார்கள்!

இதெல்லாம் வெளியே வந்தவற்றின் கதை. வராதவை இன்னும் கவலை. அந்தக் காலத்துத் தொடர்கள் பெரும்பாலும் பீட்டாகேம் போன்ற காந்த நாடாக்களில் இருக்கின்றன. நாடாவில் காந்தப் பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. பூஞ்சை பிடிக்கும், நாடா பிசுபிசுக்கும், ஓட்டினால் பூச்சு உரிந்து இயந்திரத்தில் நாடாவைப் படிக்கும் தலையில் ஒட்டிக்கொள்ளும். நாடா நன்றாக இருந்தாலும் ஓட்ட இயந்திரம் வேண்டும். புதிதாக யாரும் செய்வதில்லை, உதிரிப் பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு, பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். யுனெஸ்கோ 2019-இல் தொடங்கிய காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம் 2025-ஐக் கெடுவாகக் குறிப்பிட்டது. கெடு தாண்டிவிட்டது. நாடாக்கள் எல்லாம் ஒரே நாளில் மடிந்துவிடவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மாற்றும் செலவு ஏறும், மாற்ற முடிந்தவை குறையும்.

அழிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிபிசியைப் பாருங்கள். நாடாவை மறுபடி பயன்படுத்தவும் இடத்தை மிச்சம் பிடிக்கவும் எழுபதுகளின் பிற்பகுதிவரை பழைய நிகழ்ச்சிகளை அழித்துத் தள்ளினார்கள். 'டாக்டர் ஹூ' தொடரின் அறுபதுகளைச் சேர்ந்த பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேல் அந்த வகையில் தொலைந்தன. பிறகு வெளிநாட்டு ஒளிபரப்பு நிலையங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் தேடி ஒன்றிரண்டாக மீட்டு வந்திருக்கிறார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: காணாமல் போன பகுதிகள் அத்தனைக்கும் ஒலி மட்டும் தப்பித்தது. வீட்டில் டிவி முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவுசெய்த ரசிகர்களின் புண்ணியம்.

நம் நாட்டில் இதற்குச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது. நூல் வெளியிட்டால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் படி கொடுத்தாக வேண்டும். சினிமாவுக்குப் புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. இப்போது அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்எஃப்டிசி) இணைந்திருக்கிறது. தனியார் டிவியில் வந்த தொடருக்கு ஒரு பிரதியை எங்கும் ஒப்படைக்க வேண்டியதில்லை. பிரான்ஸில் 1992-இல் போட்ட சட்டத்தால் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் தேசியக் காப்பகத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. இங்கே அப்படி ஒரு சட்டம் வரும்வரை உங்கள் கிடங்குதான் காப்பகம். அந்தப் பொறுப்பை நீங்கள் கேட்டு வாங்கவில்லை என்பது உண்மைதான். அதே நேரத்தில் பதிப்புரிமைச் சட்டம் உங்களுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு உரிமை தந்திருக்கிறது. 1997-இல் வந்த தொடர் 2057 முடியும்வரை உங்களுடையது. அதுவரை வேறொருவர் முறையாகக் காப்பாற்றி வெளியிடவும் வழியில்லை. நாடாவோ அவ்வளவு நாள் காத்திருக்காது.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. யார் பார்ப்பார்கள் என்பது முதலாவது. 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் தன் பழைய பெட்டியைத் திறந்தபோது 'ராமாயணம்' மட்டும் வெளியே வரவில்லை. பாசு சாட்டர்ஜி இயக்கி 1993-இல் வந்த 'பியோம்கேஷ் பக்ஷி'யும் வந்தது. துப்பறியும் கதையை முடிவு தெரிந்தும் உட்கார்ந்து பார்த்தார்கள். அரசு நிறுவனம், கோப்பு நகராது என்று நாம் கேலி பேசுகிற இடம், அதை வைத்திருந்ததால்தானே எடுத்துப் போட முடிந்தது?

உரிமைச் சிக்கல் என்பது இரண்டாவது. இதை நான் மதிக்கிறேன். தயாரிப்பாளரே சேனலில் ஸ்லாட் (ஒளிபரப்பு நேரம்) வாங்கி, விளம்பரம் பிடித்து, தொடரைப் போட்ட காலம் அது. சில தொடர்களுக்கு உரிமை தயாரிப்பாளரிடம், சிலவற்றுக்குச் சேனலிடம், இன்னும் சிலவற்றுக்குக் கைமாறிக் கைமாறி எங்கோ இருக்கிறது. அன்றைய ஒப்பந்தத்தில் இணையம் என்ற சொல்லே இருக்காது. கதாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் என்ன பங்கு என்பதிலும் தெளிவிருக்காது. ஆனால் நாடாவை டிஜிட்டலுக்கு மாற்றி வைத்துக்கொள்ள இவை எதுவும் தடையில்லையே? வெளியீட்டைப் பிறகு பேசுங்கள். காப்பாற்றுவதை இப்போது செய்யுங்கள். பேச வேண்டியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாலசந்தர் 2014-இல் மறைந்தார். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானார். எந்தக் காட்சி எழுதியபடி வந்தது, எதைச் செலவு கருதி மாற்றினார்கள், எந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு பார்வையாளர்கள் என்ன எழுதினார்கள் என்று அவரை உட்கார்த்திவைத்துக் கேட்டு, தொடரோடு சேர்த்து வெளியிட்டிருக்கலாம். இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும் நடிகர்களும் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கேமராவோடு போக எந்த ஒப்பந்தமும் குறுக்கே நிற்காது.

செலவு மூன்றாவது. செலவுதான். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செய்யச் சொல்லவில்லை. முடிவுபெற்ற வாரத் தொடர்களை, அவற்றிலும் மர்மத் தொடர்களை, முதலில் எடுங்கள்; பகுதிகள் குறைவு, வேலை சீக்கிரம் முடியும். ஒரு பகுதி தொலைந்தாலும் முழுத் தொடரும் பயனற்றுப் போகிற வகை இது என்பதால் அவசரமும் இதற்குத்தான் அதிகம்.

முதல் படியாக ஒன்றைச் செய்தால் போதும், அதற்குக் காசு செலவில்லை. உங்கள் கிடங்கில் எந்தத் தொடரின் எந்தெந்தப் பகுதிகள் இருக்கின்றன, எவை இல்லை, எவை ஓடாத நிலையில் இருக்கின்றன என்று ஒரு பட்டியலைப் பொதுவில் வெளியிடுங்கள். இல்லாதவற்றை மறைக்காதீர்கள். கேபிள் வந்த புதிதில் விசிஆர் வாங்கி, பிடித்த தொடரை வாராவாரம் வி.எச்.எஸ் கேசட்டில் பதிந்து, மேலே பேனாவால் பகுதி எண்ணும் தேதியும் எழுதி அடுக்கியவர்கள் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் இருக்கிறார்கள். படம் மங்கலாக இருக்கலாம், நடுவில் விளம்பரம் இருக்கலாம். எது தேவை என்று நீங்கள் கேட்டால்தான் அவர்கள் பரணில் ஏறித் தேடுவார்கள். கேட்பதற்கு முன், கொண்டுவந்து கொடுத்தவர்மேல் பதிப்புரிமை வழக்கு பாயாது என்று எழுத்தில் ஒரு வரி கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாரத் தொடர்களின் பழைய பார்வையாளன் ஒருவன்